கணினிக் கூடமும் கடையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கணினி வன்பொருள் கற்கைநெறியில் தொழில்முயற்சியாளர் பண்புகள் என்று ஓர் அலகு வருகிறது. பிள்ளைகள் பத்துப் பண்பையும் பாடமாக்கி எழுதிப் புள்ளி எடுக்கிறார்கள். அடுத்த மாதம் கேட்டால் ஒன்றும் நினைவில்லை. இதைச் செய்முறையாக நடத்த வழி உண்டா?
— பயிற்றுநர், கிண்ணியா

உண்டு. முதலில், அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அமெரிக்க உளவியலாளர் டேவிட் மக்லெலண்டின் ஆய்வுகளின் வழி வந்தது அது. ஐக்கிய நாடுகளின் எம்ப்ரெடெக் பயிற்சி 1988 முதல் அதைப் பயன்படுத்துகிறது. வாய்ப்பைத் தேடி முந்திக்கொள்வது, விடாமுயற்சி, கொடுத்த வாக்கைக் காப்பது, தரமும் சிக்கனமும், கணக்கிட்டுத் துணிவது, இலக்கு வைப்பது, தகவல் தேடுவது, திட்டமிட்டுக் கண்காணிப்பது, பேசி இணங்கவைப்பதும் தொடர்பு வளர்ப்பதும், தன்னம்பிக்கை. பத்தும் ஆள் செய்கிற காரியங்கள். ஆகவே செய்யவைத்துத்தான் படிப்பிக்கவேண்டும்.

கணக்கிட்டுத் துணிவதற்கு மக்லெலண்டின் வளைய விளையாட்டே போதும். தரையில் ஒரு தடி, ஒரு சாண் விட்டத்தில் மூன்று கயிற்று வளையங்கள். தடியிலிருந்து அரை மீற்றருக்கு ஒரு கோடாக 4 மீற்றர் வரை எட்டுக் கோடு போடுங்கள். தூரம் கூடக் கூடப் புள்ளியும் கூடும். முதல் சுற்றில் எங்கிருந்து எறிவது என்பது அவரவர் விருப்பம். இரண்டாம் சுற்றில், எறியுமுன் எத்தனை புள்ளி எடுப்பேன் என்று வாயால் சொல்லவேண்டும். மூன்றாம் சுற்றில் சொன்னதை எடுக்காவிட்டால் புள்ளி கழியும். சிலர் தடியை ஒட்டி நிற்பார்கள், சிலர் கடைசிக் கோட்டில் நின்று அதிர்ஷ்டத்தை நம்புவார்கள். சாதிக்கும் வேட்கை கூடியவர்கள் நடுத் தூரத்தைத் தெரிவுசெய்வார்கள் என்பதே மக்லெலண்ட் கண்டது. முதல் சுற்றில் நின்ற இடத்தை மூன்றாம் சுற்றில் ஏன் மாற்றினாய் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். பாடம் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

தகவல் தேடுவதற்கு வகுப்பை வெளியே அனுப்புங்கள். இரண்டிரண்டு பேராகத் திருகோணமலை நகரின் என்.சி. வீதியில் ஒரு பிரிவு, உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் ஒரு பிரிவு, கோணேசபுரியில் பல்கலைக்கழக வளாகத்தைச் சுற்றி ஒரு பிரிவு. கடைக்காரரிடம் “என்ன வேலை செய்கிறீர்கள்?” என்று கேட்கவேண்டாம். “வாடிக்கையாளர் கேட்டு உங்களால் செய்துகொடுக்க முடியாமல் போன வேலை என்ன?” என்று கேட்கச் சொல்லுங்கள். வளாகத்துப் பிள்ளைகளுக்கு ஆய்வறிக்கைக் காலத்தில் அச்சும் பைண்டிங்கும் வேண்டும். விருந்தினர் விடுதிகளுக்கு வைபை, கமரா, உணவுப் பட்டியல் எல்லாம் சீசனுக்கு முன்னரே வேண்டும். இங்கே சீசன் சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை. விடுதிக்காரரைப் பார்க்கப் பங்குனியில் போகவேண்டும் என்பது அந்த நடையிலேயே பிள்ளைக்குப் பிடிபடும்.

கட்டாயம் செய்யவேண்டியது விலைக் கணக்கு. ஒரு கறுப்பு வெள்ளைப் பக்கம் அச்சடிக்க என்ன செலவாகும்? கீழே உள்ளவை மாதிரித் தொகைகள். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். 500 தாள் கட்டு 1500 ரூபா என்றால் தாளுக்கு 3 ரூபா. தோனர் பெட்டியில் 2000 பக்கம் என்று போட்டிருந்தாலும் அது பக்கத்தில் 5 வீதம்தான் மை படும் என்ற கணக்கு. படம், அட்டவணை வரும் அறிக்கைக்கு 1500 பக்கம் என்று எடுத்தால், 3000 ரூபாத் தோனருக்குப் பக்கத்துக்கு 2 ரூபா. ஆக 5 ரூபா. பிள்ளைகள் இங்கே நிறுத்தி, “10 ரூபாவுக்கு விற்றால் பாதி இலாபம்” என்பார்கள். நிறுத்த விடாதீர்கள். கடை வாடகை 15,000, மின்சாரம் 5,000, கடையில் நிற்பவரின் சம்பளம் 40,000, மாதம் 60,000. நாளுக்கு 200 பக்கம், மாதம் 25 நாள் என்றால் 5000 பக்கம். பக்கத்துக்கு 5 ரூபா மிஞ்சினால் கையில் 25,000. மீதி 35,000 எங்கிருந்து வரும்? லப்டொப் திருத்தமா, லமினேற்றிங்கா, விடுதிகளுக்கு மாதாந்தப் பராமரிப்பா? இந்தக் கேள்விக்கு எண்ணோடு பதில் எழுதும் பிள்ளை நாலைந்து பண்பைச் செய்துகாட்டிவிட்டது. தன் சம்பளத்தைச் செலவில் சேர்க்க மறந்த பிள்ளையின் தாளை மட்டும் திருப்பிக் கொடுங்கள். புதுக் கடைகள் விழுவதற்கு அது பெரிய காரணம்.

கேள்வி: எங்கள் கணினி வகுப்பில் 18 கணினிகள். எல்லாவற்றையும் போட்டால் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. வயறிங் செய்பவர் ட்ரிப் சுவிட்சைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுக்கலாம் என்கிறார். செய்யலாமா?
— கல்வி நிலைய உரிமையாளர், உப்புவெளி

வேண்டவே வேண்டாம். பிள்ளைகளின் உயிருக்கும் மின்சாரத்துக்கும் நடுவில் நிற்பது அந்த ஒரு சுவிட்ச்.

உங்கள் மின் பலகையில் இருப்பது பெரும்பாலும் 30 மில்லி அம்பியர் சுவிட்ச். போன கரண்ட் முழுவதும் திரும்பி வராமல் எர்த் வழியாகவோ ஆள் வழியாகவோ கசிந்தால் அது விழும். 30 என்று எழுதியிருந்தாலும் 15க்கும் 30க்கும் இடையில் எங்கும் விழலாம். கணினியின் பவர் சப்ளையில், மின் இரைச்சலை வடிக்க எர்த்தோடு இணைத்த சிறு கொண்டென்சர்கள் உண்டு. அவை வழியாகப் பழுதில்லாத கணினியும் ஏறத்தாழ ஒரு மில்லி அம்பியர் கசியவிடும். 18 கணினி ஒரே சுவிட்சில் இருந்தால் 18 மில்லி அம்பியர். விழாமல் இருந்தால்தான் புதுமை.

ஆனால் இதுதான் காரணம் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். எல்லாப் பிளக்கையும் கழற்றி, 1ஆம் இலக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டு வாருங்கள். எத்தனையாவதில் விழுகிறது என்று எழுதுங்கள். பிறகு 18இலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். இரண்டு தடவையும் ஒரே கணினியைப் போடும்போது விழுந்தால் பழுது அந்தக் கணினியில். எந்த வரிசையில் போட்டாலும் ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் விழுந்தால் கசிவு கூடிச் சேர்ந்ததுதான். ஒன்றுமே போடாமல் விழுந்தால், அதுவும் மழை நாளில் விழுந்தால், சுவரிலோ வெளி லைட்டிலோ ஈரம் இறங்கியிருக்கிறது.

கசிவு சேர்ந்தது என்றால் வழி, சுற்றைப் பிரிப்பது. ஒரு சுவிட்சுக்கு 6 கணினி என்று மூன்று சுற்று. ஒவ்வொன்றுக்கும் தனி 30 மில்லி அம்பியர் சுவிட்ச், தனி நியூட்ரல் (கரண்ட் திரும்பி வரும் வயர்). நியூட்ரல்களை ஒன்றாகக் கட்டினால் மூன்றும் விழும், அதைத் தகுதிபெற்ற மின்னிணைப்பாளரே செய்யட்டும். சுமைக்கும் இதுவே நல்லது. மொனிற்றரோடு ஒரு கணினி 200 வாற் என்றால் 18க்கு 3600 வாற், 230 வோல்ற்றில் ஏறக்குறைய 16 அம்பியர். 13 அம்பியர்ச் சொக்கெட்டில் மல்டி பிளக்குக்கு மேல் மல்டி பிளக் போட்டு இதை இழுக்க முடியாது.

இன்னொரு குறுக்கு வழியையும் சிலர் சொல்வார்கள்: எர்த் வயரை வெட்டிவிட்டால் சுவிட்ச் விழாது. உண்மைதான். ஆனால் அந்தக் கொண்டென்சர்கள் வழியாகக் கணினியின் இரும்புப் பெட்டிக்கு 100 வோல்ற்றுக்கு மேல் ஏறி நிற்கும். தொட்டால் விரலில் சுள்ளென்று இழுக்கும். பவர் சப்ளைக்குள் வயர் ஒன்று உருகிப் பெட்டியில் பட்டால் இழுப்போடு நிற்காது. மூன்று துளைச் சொக்கெட்டின் மேல் துளையில் பேனையைக் குத்தி இரண்டு கால் பிளக்கைச் செருகும் வழக்கத்தையும் வகுப்பில் இன்றோடு நிறுத்துங்கள். அதுவும் எர்த்தை வெட்டுவதுதான்.

கடற்கரை ஊர் என்பதால் ஒரு வேலை கூடுதல். உப்புக் காற்றில் சொக்கெட்டின் பித்தளைத் திருகுகளில் பச்சைப் பூ ஏறும், பிடி தளரும், தளர்ந்த இடம் சூடேறும். வருடத்துக்கு ஒருமுறை, மாரி தொடங்குமுன், மெயின் சுவிட்சை நிறுத்தி ஒவ்வொரு சொக்கெட்டையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பழுப்பேறிய பிளாஸ்ரிக் கண்டால் மாற்றுங்கள். நிலத்தில் அடித்த எர்த் கம்பியின் கவ்வியும் இங்கே சீக்கிரம் அரித்துப்போகும். ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதத்துக்கு ஒரு தடவை மாணவர் ஒருவரைக் கொண்டே அழுத்தி, திகதியைப் பதிவேட்டில் எழுதவையுங்கள். விழாவிட்டால் அன்று வகுப்பில்லை.

கேள்வி: பிளக்கைக் கழற்றிவிட்டால் பவர் சப்ளையைத் திறந்து திருத்தலாம்தானே? ஆண்டிஸ்ரற்றிக் பட்டி போட்டால் பாதுகாப்பு என்கிறார்கள்.
— மாணவர், மூதூர்

இரண்டும் தவறு, தம்பி. 230 வோல்ற் மாறுமின்சாரம் உள்ளே 325 வோல்ற் நேர்மின்சாரமாகப் பெரிய கொண்டென்சரில் நிற்கும். அதை வடிக்கும் தடை எரிந்துபோயிருந்தால் பிளக்கைக் கழற்றிய பிறகும் நிற்கும். பழுதான பவர் சப்ளைதான் உன் கைக்கு வரும் என்பதை மறவாதே.

மணிக்கட்டுப் பட்டி பாதுகாப்பது உன்னையல்ல, மதர்போட்டையும் ராமையும். உன் உடம்பில் சேரும் நிலைமின்னை 1 மெகா ஓம் தடை வழியாக மெதுவாக எர்த்துக்கு அனுப்புவது அதன் வேலை. கரண்ட் உள்ள இடத்திலும், பழைய குழாய் மொனிற்றரைத் திறக்கும் இடத்திலும் அதைக் கட்டவே கூடாது. கரண்ட் பாய உன்னை எர்த்தோடு இணைத்துவிடும்.

திறக்காமலே சோதிக்கலாம். பவர் சப்ளையைக் கணினியிலிருந்து பிரித்து, 24 முனை இணைப்பியில் பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் சிறு கம்பியால் இணைத்தபின் பிளக்கைப் போட்டால் விசிறி ஓடும். மல்டிமீற்றரில் மஞ்சள் வயர் 11.4–12.6, சிவப்பு 4.75–5.25, செம்மஞ்சள் 3.14–3.47 வோல்ற்றுக்குள் இருக்கவேண்டும். இல்லையென்றால் புதிது போடு. லேசர் பிரிண்டரில் தாள் சிக்கினால் பிளக்கைக் கழற்றி அரை மணி நேரம் விடு. உள்ளே இருக்கும் சூட்டு உருளை 200 பாகை செல்சியஸ் வரை போகும்.

கேள்வி: மகள் ஓர் அச்சகத்தில் நாள் முழுவதும் தட்டச்சு செய்கிறாள். கழுத்து நோவும் கண் எரிவும். கண்ணாடி போட்டால் சரிவருமா?
— தாய், சாம்பல்தீவு

கண்ணைக் காட்டுங்கள் அம்மா, ஆனால் மேசையையும் பாருங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே, தூரம் 50 முதல் 70 சென்ரிமீற்றர், அதாவது கையை நீட்டினால் விரல் திரையில் படும் அளவு. சன்னல் திரைக்கு முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். பிளாஸ்ரிக் கதிரை என்றால் இடுப்புக்குப் பின்னால் சுருட்டிய துவாய், கால் எட்டாவிட்டால் காலடியில் ஒரு பலகை. லப்டொப் என்றால் அதை உயர்த்தி, விசைப்பலகையைத் தனியாக வாங்கிக் கொடுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 6 மீற்றர் தள்ளி எதையாவது 20 விநாடி பார்க்கட்டும். திரையைப் பார்க்கும்போது இமை கொட்டுவது குறைகிறது, எரிவுக்கு அது ஒரு காரணம். விசிறிக் காற்று நேராக முகத்தில் அடிக்கக் கூடாது. விரல் நுனி விறைத்தால் காத்திருக்காமல் வைத்தியரிடம் போகவேண்டும்.

கேள்வி: கணினிக் கடைக்கு எந்தத் தீயணைப்பான்?
— கடை உரிமையாளர், திருகோணமலை நகர்

காபனீரொட்சைட்டு, 2 கிலோவாவது, கதவருகே. உலர் தூளும் அணைக்கும், ஆனால் தூள் படிந்த மின்சுற்றுப் பலகைகள் பிறகு அரிக்கும். பீய்ச்சும்போது கூம்பைக் கையால் பிடித்தால் தோல் உறைந்துவிடும், கைப்பிடியை மட்டும் பிடிக்கவேண்டும். அடித்ததும் அறையை விட்டு வெளியேறிக் கதவைத் திறந்துவிடுங்கள், சிறிய அறையில் மூச்சுக் காற்று குறையும். மெயின் சுவிட்சை முதலில் நிறுத்துங்கள். யூபிஎஸ் இருந்தால் அதையும், ஏனென்றால் மெயின் போனாலும் அது 230 வோல்ற் கொடுத்துக்கொண்டேயிருக்கும். லப்டொப் பற்றரி உப்பியிருந்தால் குத்தவோ அமத்தவோ வேண்டாம். சார்ஜ் போடாமல், கழற்ற முடிந்தால் கழற்றி, மணல் போட்ட இரும்பு வாளியில் வெளியே வையுங்கள். தீயணைப்புக்கு 110, அம்புலன்ஸுக்கு 1990. இரண்டையும் சுவரில் பெரிதாக எழுதுங்கள்.

கேள்வி: படிப்பு முடிந்து வீட்டிலேயே திருத்தும் கடை தொடங்குகிறேன். முதல் நாளிலிருந்து என்ன வேண்டும்?
— வாசகி, தம்பலகாமம்

வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்துகொள்ளுங்கள். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் இடத்துக்கான ஆவணமும் கேட்பார்கள். வியாபாரப் பெயரில் வங்கிக் கணக்கு திறக்க அந்தச் சான்றிதழ் தேவைப்படும். அங்கேயே சிறுதொழில் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருந்தால் பயிற்சி பற்றி விசாரியுங்கள்.

அதோடு, பிரதி எடுக்கும் பில் புத்தகம் ஒன்று. ஒவ்வொரு பொருளுக்கும் அதில் வரவேண்டியவை: பெயர், தொலைபேசி, மாதிரி, தொடரிலக்கம், வாடிக்கையாளர் சொன்ன குறை அவர் சொன்ன சொல்லிலேயே, சார்ஜர் தந்தாரா, ஏற்கெனவே உள்ள கீறல், ஒத்துக்கொண்ட விலை, கொடுக்கும் நாள், இருவர் கையொப்பம். விலை கூடும் என்று தெரிந்தால் வேலையைத் தொடராமல் முதலில் தொலைபேசி எடுங்கள். கடவுச்சொல்லை எழுதி வாங்கவேண்டாம், அவரே வந்து போடட்டும். படங்களையும் கடிதங்களையும் திறந்து பார்ப்பதோ பிரதி எடுப்பதோ கூடாது. அனுமதியின்றித் தரவைத் தொடுவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் வரக்கூடியது. விண்டோஸ் புதிதாகப் போடுமுன் தரவு வேண்டுமா என்று கேட்டு, பதிலை அந்தத் துண்டிலேயே எழுதி, அதற்குக் கீழே கையொப்பம் வாங்குங்கள்.