வாடகை வீட்டில் வைஃபை கன்ட்ரோலர் வைத்து பிக்சல் ஸ்ட்ரிப் போடலாமா?

தாராளமாகப் போடலாம்.

கேட்டவருக்கு வடசென்னை தண்டையார்பேட்டையில் வாடகை வீடு. ஹாலில் டிவிக்குப் பின்னாலும் சுவரோரமாகவும் ஐந்து மீட்டர் பிக்சல் ஸ்ட்ரிப் (ஒவ்வொரு எல்.இ.டி.யையும் தனித்தனி கலரில் எரிய வைக்கக்கூடிய லைட் பட்டை) ஓட்ட வேண்டும், போனிலேயே கலர் மாற்ற வேண்டும், எந்த கன்ட்ரோலர் நல்லது, கரண்ட் பில் எகிறுமா என்கிறார். நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரன். எங்கள் வீட்டிலும் தெரிந்தவர்கள் சிலர் வீட்டிலும் இதைப் போட்டிருக்கிறேன். என்னைக் கேட்டால், கன்ட்ரோலருக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் நோட்எம்சியூ என்ற, வைஃபை உள்ள குட்டி போர்டே போதும். யோசித்துச் செய்ய வேண்டியது கரண்ட் கணக்கும் வயரும்தான். நிறைய பேர் ஆப்பையும் எஃபெக்ட்டையும் எதிர்பார்த்துக் காசைக் கொட்டிவிட்டு, பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்கிறார்கள்.

முதலில் ஸ்ட்ரிப். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்கு நடந்தே போய்விடலாம். கடையில் 'ஆர்.ஜி.பி. ஸ்ட்ரிப்' என்று மட்டும் கேட்காதீர்கள், மொத்தமும் ஒரே கலரில் எரிகிற சாதா ஸ்ட்ரிப்பை எடுத்து நீட்டுவார்கள். 'பிக்சல் ஸ்ட்ரிப்' அல்லது 'அட்ரஸபிள்' என்று கேளுங்கள். கையில் கொடுத்ததும் வெட்டும் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் செம்புப் புள்ளிகளைப் பாருங்கள். நாலு புள்ளி இருந்து, 12 வோல்ட், ஆர், ஜி, பி என்று போட்டிருந்தால் அது சாதா. மூன்றே புள்ளி, 5 வோல்ட், டின் (Din, டேட்டா உள்ளே போகிற புள்ளி), கிரவுண்ட் என்றிருந்தால் அதுதான் நமக்கு வேண்டியது. டபிள்யூ.எஸ்.2812பி என்ற வகை அது. ஒவ்வொரு எல்.இ.டி.க்குள்ளும் ஒரு குட்டி சிப் இருக்கிறது. வருகிற டேட்டாவில் தனக்கான 24 பிட்டை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்தவனுக்குத் தள்ளிவிடும். அதனால்தான் ஸ்ட்ரிப்பில் அம்புக்குறி போட்டிருக்கிறது. அம்பு கிளம்புகிற பக்கத்தில்தான் டேட்டா வயரைக் கொடுக்க வேண்டும், மறுமுனையில் கொடுத்தால் ஒன்றும் எரியாது.

இனி கணக்கு. மீட்டருக்கு 60 எல்.இ.டி. என்றால் ஐந்து மீட்டருக்கு 300. முழு வெள்ளையில், முழு பிரகாசத்தில் ஒன்று சுமார் 60 மில்லிஆம்பியர் எடுக்கும் என்று வைத்துத்தான் எல்லோரும் கணக்குப் போடுவார்கள். அப்படியென்றால் 18 ஆம்பியர், 90 வாட். போன் சார்ஜரை வைத்து இதை ஓட்டப் பார்க்கிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்! ஆனால் ஹாலில் யாரும் 300 எல்.இ.டி.யை முழு வெள்ளையில் போட்டுவிட்டு உட்கார முடியாது, கண் கூசும். 5 வோல்ட் 10 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். (வீட்டுக் கரண்ட்டை 5 வோல்ட்டாக மாற்றித் தரும் பவர் சப்ளை) ஒன்று வாங்கி, போர்டில் ஏற்றும் சாப்ட்வேரில் 8 ஆம்பியருக்கு மேல் போகாதபடி வரம்பு வைத்துவிட்டால் வீட்டுக்கு அது தாராளம்.

ஆம்பியர் மட்டும் சரியாக இருந்தால் போதாது. காசிமேட்டில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஸ்ட்ரிப் புதுசு, எஸ்.எம்.பி.எஸ். நல்லது. வெள்ளை போட்டால் டிவி பக்கம் வெள்ளையாகவும், போகப் போக மஞ்சளாகி வாசல் பக்கம் செங்கல் நிறமாகவும் எரிந்தது. சரக்கு டூப்ளிகேட் என்று கடைக்காரரோடு சண்டைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் ஆரம்பத்தில் 5 வோல்ட், கடைசியில் நாலுக்கும் கீழே. ஸ்ட்ரிப்பில் இருக்கும் செம்புத் தகடு காகிதம் மாதிரி மெல்லிசு, அதற்குள் அத்தனை ஆம்பியரும் ஓட வேண்டும். தெருவில் மெட்ரோ வாட்டர் விட்டால் முதல் வீட்டில் பீய்ச்சி அடித்து, கடைசி வீட்டில் சொட்டுமே, அதே கதைதான். சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட்டிலேயே எரிந்துவிடும். பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் பக்கம் வேண்டும். வோல்ட் குறையும்போது அவை இரண்டும் முதலில் மங்கும், சிவப்பு மட்டும் தெம்பாக நிற்கும். அதனால் வெள்ளை செங்கல் நிறமாகிறது.

வைத்தியம் சுலபம். 1.5 ஸ்கொயர் எம்.எம். ஹவுஸ் வயரில் ஒரு ஜோடியை எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து நேராக ஸ்ட்ரிப்பின் கடைசிக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஐந்து மீட்டருக்கு இரண்டு முனையிலும் கொடுத்தால் பெரும்பாலும் போதும். பிரகாசமாக வேண்டுமென்றால் நடுவிலும் ஒன்று. அன்று அவர் வீட்டில் அந்த ஒரு ஜோடி வயரை இழுத்ததும் வாசல் பக்கம் வெள்ளையாகிவிட்டது, கடைக்காரரும் தப்பித்தார். ஒவ்வொரு ஜோடிக்கும் பாசிட்டிவில் ஒரு ஃபியூஸ் போடுங்கள். 5 வோல்ட்தானே, என்ன செய்யும் என்று நினைக்க வேண்டாம். ஷாக் அடிக்காதுதான், ஆனால் 10 ஆம்பியர் ஷார்ட் ஆனால் வயர் உருகும்.

வயரை ஸ்ட்ரிப்பின் புள்ளியில் ஈயம் வைத்து (சோல்டர் செய்து) ஒட்டுவதில் நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலோரம் இருக்கிறவர்களுக்குத் தெரியும், உப்புக்காற்றில் கேட் கீலே தங்காது. திறந்து கிடக்கும் செம்புப் புள்ளியில் சீக்கிரமே களிம்பு ஏறிவிடும், அப்புறம் ஈயம் உருண்டு ஓடும், ஒட்டாது. கத்தி நுனியால் லேசாகச் சுரண்டி, ஈயம் ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் தடவி, முதலில் புள்ளியிலும் வயர் நுனியிலும் தனித்தனியாக ஈயம் பூசிக்கொண்டு, பிறகு இரண்டையும் சேர்த்து ஒரு தொடு தொட்டால் போதும். சோல்டரிங் அயர்னை ரொம்ப நேரம் வைத்தால் புள்ளியே உரிந்து வந்துவிடும். ஈயம் ஆறியதும் சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் மாட்டி, முனைகளை சிலிகான் வைத்து அடைத்துவிடுங்கள். ஈயம் இல்லாமல் கவ்விப் பிடிக்கும் கிளிப் கனெக்டர் வேண்டவே வேண்டாம், கடலோரத்தில் மழைக்காலம் தாண்டுவதற்குள் கான்டாக்ட் போய்விடும்.

போர்டுக்குள் போட வேண்டிய சாப்ட்வேர் டபிள்யூ.எல்.இ.டி. இலவசம். புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை, கம்ப்யூட்டரில் குரோம் வழியாக அவர்களுடைய இன்ஸ்டால் பக்கத்தைத் திறந்து, யூ.எஸ்.பி.யில் போர்டைச் செருகி, ஒரு பட்டனை அழுத்தினால் ஏறிவிடும். போர்டே தெரியவில்லை என்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள், சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்களில் டேட்டா வயரே இருக்காது. ஏறியதும் போர்டு தன் பேரில் ஒரு வைஃபை காட்டும். போனில் அதைப் பிடித்து, பிரவுசரில் 4.3.2.1 அடித்தால் செட்டிங் பக்கம் வரும், அங்கே வீட்டு வைஃபையின் பேரைக் கொடுத்துவிடலாம். இந்த போர்டு 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசும். ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸை மட்டும் விட்டிருந்தால் கிடைக்காது. நம் ஊரில் சுவரும் சுவரும் ஒட்டிய வீடுகள், போனில் பார்த்தால் இருபது வைஃபை தெரியும். அடிக்கடி அறுந்தால் ரூட்டரில் 1, 6, 11 என்ற சேனல்களில் எது காலியாக இருக்கிறதோ அதற்கு மாற்றிப் பாருங்கள்.

ரெடிமேட் கன்ட்ரோலர்களைவிட இதை நான் விரும்புவதற்குக் காரணம், எல்லாம் வீட்டுக்குள்ளேயே நடக்கும். இன்டர்நெட் போனாலும் ரூட்டர் ஓடினால் போதும், லைட் சொன்னபடி கேட்கும். கணக்குத் திறக்கச் சொல்லாது, ஓ.டி.பி. கேட்காது. நூற்றுக்கும் மேற்பட்ட எஃபெக்ட் இருக்கிறது. முதல் வாரம் எல்லாவற்றையும் போட்டுப் பார்ப்பீர்கள், பிறகு இளமஞ்சளில் வந்து நின்றுவிடுவீர்கள். கிறிஸ்துமஸுக்குக் குடில் வைக்கிறவர்களும் கார்த்திகைக்கு மாடம் அலங்கரிக்கிறவர்களும்தான் எஃபெக்ட்டை நிஜமாகவே பயன்படுத்துகிறார்கள்.

வயரிங் பற்றிச் சுருக்கமாக: எஸ்.எம்.பி.எஸ்.ஸின் 5 வோல்ட் போர்டின் வின் (Vin) காலுக்கு, கிரவுண்ட் கிரவுண்டுக்கு, டி4 காலிலிருந்து 330 ஓம் ரெசிஸ்டர் வழியாக ஸ்ட்ரிப்பின் டின் புள்ளிக்கு. போர்டு, ஸ்ட்ரிப், சப்ளை மூன்றின் கிரவுண்டும் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் லைட் பைத்தியம் பிடித்த மாதிரி மினுக்கும். டேட்டா வயரை ஒரு அடிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். போர்டு தருவது 3.3 வோல்ட் சிக்னல், சிப் எதிர்பார்ப்பதோ 3.5. குட்டி வயரில் பெரும்பாலும் ஓடிவிடும். நீளமாக இழுத்தே ஆக வேண்டுமென்றால் சிக்னலை 5 வோல்ட்டுக்கு உயர்த்தித் தரும் 74ஏ.எச்.சி.டி.125 என்ற ஐ.சி.யை நடுவில் போட வேண்டும். சிவப்பு கேட்டால் பச்சை எரிந்தால் பயப்படாதீர்கள், செட்டிங்கில் கலர் வரிசையை மாற்றினால் சரி.

கம்பி வலை மூடி போட்ட எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 230 வோல்ட் ஸ்க்ரூ வெளியே தெரியும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் அதை அப்படியே டிவிக்குப் பின்னால் தொங்கவிடக் கூடாது. காற்றுப் போகும் பெட்டிக்குள் வையுங்கள், எர்த்தும் கொடுங்கள். பழைய வீடுகளில் மூணு பின் பிளக் பாயின்ட் இருக்கும், எர்த் வயர் இருக்காது, எலக்ட்ரீஷியனை விட்டு ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இரண்டு செட்டிங்கை மறக்காமல் பாருங்கள். ஒன்று, கரண்ட் வந்ததும் லைட் தானாக எரிய வேண்டுமா என்ற டிக். எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ராத்திரி ரெண்டு மணிக்குப் போன கரண்ட் திரும்பி வரும்போது ஹால் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று எரியும், அங்கே படுத்திருக்கிற பெரியவர்கள் உங்களை எழுப்பி நாலு வார்த்தை கேட்பார்கள். இன்னொன்று, பட்டன். நோட்எம்சியூவில் 'ஃபிளாஷ்' என்று ஒரு பட்டன் இருக்கிறதே, அதை அழுத்தினாலே லைட் எரியும், அணையும். அந்தப் பட்டனுக்கான காலிலிருந்து ஒரு வயரும் கிரவுண்டிலிருந்து ஒரு வயரும் இழுத்து, சுவரில் ஒரு பெல் சுவிட்ச் வைத்துவிட்டேன். எங்கள் அம்மா போன் ஆப்பைத் தொட்டதே இல்லை, சுவிட்சைத்தான் தட்டுவார்.

வாடகை வீட்டில் ஒட்டுவதுதான் தொல்லை. சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ அடித்த சுவரில் ஸ்ட்ரிப்பின் பின்பக்கப் பசை சில நாளில் மாவோடு உரிந்து விழும். பால்நிற மூடி போட்ட அலுமினிய சேனலுக்குள் ஸ்ட்ரிப்பை வைத்து, சேனலை டிவி ஸ்டாண்டு, அலமாரி மாதிரி உங்கள் சாமான்களிலேயே ஸ்க்ரூ போட்டுவிடுங்கள். சூடும் தணியும், புள்ளி புள்ளியாகத் தெரியாமல் வெளிச்சம் பரவும், காலி செய்யும்போது ஓனரிடம் பேச்சு வாங்கவும் வேண்டாம்.

பில்லைப் பற்றியும் கேட்டீர்கள். இளமஞ்சளில் அளவாக எரியவிட்டால் சுமார் 15 வாட். தினம் ஐந்து மணி நேரம், இரண்டு மாதத்துக்கு நாலரை யூனிட். அணைத்து வைத்திருக்கும்போதும் ஒவ்வொரு சிப்பும் ஒரு மில்லிஆம்பியர் போல உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 300 சிப்புக்கு ஒன்றரை வாட், இரண்டு மாதத்துக்கு அதுவே கிட்டத்தட்ட ரெண்டு யூனிட் ஆகிவிடும், எஸ்.எம்.பி.எஸ். தின்பது தனி. சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று ஓனர் வாங்கினாலும் எல்லாம் சேர்த்து அறுபது எழுபது ரூபாய்க்குள் அடங்கும். அதுவும் உறுத்தினால் போர்டில் ஒரு ரிலே (போர்டு சொன்னால் திறந்து மூடும் சுவிட்ச்) சேர்த்துக்கொள்ளலாம், லைட்டை அணைத்ததும் ஸ்ட்ரிப்புக்குப் போகிற சப்ளையையே துண்டித்துவிடும். அதற்கான செட்டிங் டபிள்யூ.எல்.இ.டி.யிலேயே இருக்கிறது.