‘நவ் யூ சீ மீ’ ஏன் சப்பென்று போனது?

ஹட்டன் தம்பிக்கு வணக்கம். தோட்டத்து இளைஞர் மன்றத்தில் வித்தைக்காரர்கள் மேடையில் வித்தை காட்டியே கொள்ளையடிக்கும் கதையான, 2013இல் வந்த ‘நவ் யூ சீ மீ’ படத்தைப் போட்டதாகவும், முடிந்ததும் எல்லாரும் ‘ஏமாத்திட்டாங்க’ என்று எழுந்து போனதாகவும் எழுதி, காரணம் கேட்டிருந்தீர்கள். அவர்கள் சொன்னது சரிதான்.

கோயில் திருவிழாவில் வித்தைக்காரர் ஒரு பிள்ளையின் காதுக்குப் பின்னாலிருந்து காசு எடுக்கும்போது நம் கண்ணெல்லாம் அவருடைய சட்டைக்கையில்தான் இருக்கும். நாம் பார்த்துக்கொண்டே இருக்க நடப்பதால்தான் அது வித்தை. சினிமாவில் வெட்டி ஒட்டலாம், கணினியில் வரையலாம். எது மறைந்தாலும் வியப்பு வராது.

அப்புறம், கொள்ளைப் படத்தில் திட்டம் நமக்கும் கொஞ்சம் தெரியவேண்டும். எங்கே பிசகுமோ என்றுதான் நெஞ்சு அடித்துக்கொள்ளும். வித்தைக்கோ மறைப்பதுதான் உயிர். இந்தப் படம் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, லாஸ் வேகஸ் மேடையிலிருந்தே பாரிஸ் வங்கியைக் கொள்ளையடித்த விதத்தைப் பிறகு விளக்கிச் சொல்கிறது. துரத்துகிற எஃப்பிஐ (அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறை) அதிகாரியே சூத்திரதாரி என்ற முடிவுக்கும் முன்னால் போட்ட துப்பு போதாது.

அடுத்த முறை 2006இல் வந்த ‘தி பிரஸ்டீஜ்’ போடுங்கள். கொள்ளை இல்லை, இரண்டு வித்தைக்காரர்களின் பகைதான். துப்பெல்லாம் தொடக்கத்திலேயே கண்முன் கிடக்கும். சின்னப் பிள்ளைகளை மட்டும் அன்றைக்கு உட்கார வைக்காதீர்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் மூழ்கிச் சாகிற காட்சி உண்டு.