இடது கைக்காரப் பையனுக்கு ஐஸ் ஹாக்கி கோல் காவலர் கையுறை: எந்தக் கைக்கு வாங்குவது?

கேள்வி இதுதான்: கிள்ளானில் இருக்கும் ஒருவரின் 11 வயது மகன் இடது கைக்காரன். ஐஸ் ஹாக்கியில் கோல் காவலராக நிற்க ஆசைப்படுகிறான். கடைக்காரர் ‘ஃபுல் ரைட்’ கையுறை வாங்கச் சொல்கிறார். இணையத்தில் ஒருவர் ‘லெஃப்ட்’ வாங்கச் சொல்கிறார். எதை வாங்குவது?

இப்போதைக்கு இரண்டையுமே வாங்காதீர்கள். முதலில் ஐந்தாறு டென்னிஸ் பந்துகளை வாங்குங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் பந்திங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவன். இன்றும் அங்கேதான் ஆலை வேலை. இளவயதில் தோட்டத்து அணிக்குக் கோல் காவலராக நின்றிருக்கிறேன். அது புல்தரை ஹாக்கி. 1975இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கிண்ணத்தில் மலேசியா நான்காம் இடம் பிடித்த பிறகு, எங்கள் திடலில் மட்டை பிடிக்காத பையனே கிடையாது. அந்தத் தைரியத்தில்தான், என் மகள் சன்வே பிரமிட் பேரங்காடியின் பனிச்சறுக்கு அரங்கில் கோல் காவலராக நிற்க வேண்டும் என்று கேட்டபோது, “கையுறைதானே, அப்பா பார்த்துக்கொள்கிறேன்” என்றேன். அந்த வாய்க்கொழுப்புக்கு 380 வெள்ளி அபராதம் கட்டினேன்.

மகளும் இடது கைக்காரிதான். இணையத்தில் ஒருவர் பழைய கையுறையை விற்பனைக்குப் போட்டிருந்தார். விளம்பரத்தில் ‘லெஃப்ட்’ என்று ஒரே ஒரு சொல். இடது கைக்காரருக்கு என்று நான் படித்தேன். இடது கையில் மாட்டுவது என்று அவர் எழுதியிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை, நானும் தப்பாகப் படிக்கவில்லை. ஆனால் பொட்டலத்தைப் பிரித்தபோது மகள் வலக்கையை நுழைக்கப் பார்த்தாள், கட்டைவிரல் போக வேண்டிய இடத்தில் சுண்டுவிரல் போய் நின்றது.

இந்தக் குழப்பத்தின் வேர் பெயர்களில் இருக்கிறது. ஐஸ் ஹாக்கி கோல் காவலரின் இரு கைகளுக்கும் இரண்டு வேலை. ஒரு கையில் வட்டைப் (பந்துக்குப் பதிலாக ஆடும் தட்டையான வில்லை) பிடிக்கும் பெரிய கையுறை. மறு கையில் மட்டையும், அந்தக் கையின் புறத்தில் பலகை போல ஒரு தடுப்பும் இருக்கும். அந்தத் தடுப்பை பிளாக்கர் என்பார்கள். பெரும்பாலான கோல் காவலர்கள் இடக்கையால் பிடித்து, வலக்கையில் மட்டை வைத்திருப்பார்கள். இதைத் தயாரிப்பாளர்கள் ‘ரெகுலர்’ என்கிறார்கள். வலக்கையால் பிடித்து இடக்கையில் மட்டை வைத்திருப்பவர்களுக்கானது ‘ஃபுல் ரைட்’. ஆகவே இடது கைக்காரப் பிள்ளைக்கு ‘ரைட்’ என்று எழுதியிருப்பதை வாங்க வேண்டிவரலாம். போதாக்குறைக்கு பேஸ்பால் கையுறை விற்பவர்கள் வீசும் கையை வைத்துப் பெயரிடுவார்கள். இரண்டு விளையாட்டின் பொருளையும் ஒரே கடையில் விற்றால் கடைக்காரருக்கே தலை சுற்றும்.

நம் மொழியில் இந்தச் சிக்கல் இல்லை. சோற்றுக்கை, பீச்சாங்கை. பீச்சாங்கை என்பது சபையில் சொல்லத் தக்க சொல் அல்ல என்பது தெரியும், ஆனால் அதைவிடத் தெளிவான சொல் எனக்குத் தெரியவில்லை. என் மகள் இடக்கையால்தான் எழுதுகிறாள். என்றாலும் அவள் பாட்டி சாப்பாட்டில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை, ஆகவே அவளுக்கும் சோற்றுக்கை வலக்கைதான். ஃபுல் ரைட் என்றால் சோற்றுக்கையில் மாட்டும் கையுறை. இப்படி மனதில் வைத்துக்கொண்டால் எந்த விளம்பரமும் உங்களை ஏமாற்றாது.

படம் இருந்தால் அதைவிடச் சுலபம். கையுறையின் பை (வட்டு வந்து விழும் குழி) உங்களைப் பார்த்திருக்க, மணிக்கட்டுப் பகுதி கீழே இருக்க, கட்டைவிரல் உங்களுக்கு வலப்பக்கம் இருந்தால் அது சோற்றுக்கைக்கு உரியது. உங்கள் வலக்கையை முகத்துக்கு நேரே விரித்துப் பாருங்கள், அதே தோற்றம்தான். ஒரு எச்சரிக்கை: கைப்பேசியின் முன்பக்கக் கேமராவில் எடுத்த படம் சில சமயம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம்வலம் மாறிவிடும். கையுறை மீதுள்ள எழுத்து திரும்பித் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இனி டென்னிஸ் பந்துக்கு வருகிறேன். இடது கைக்காரர் என்றால் ஃபுல் ரைட் என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவெடுப்பது தவறு. இடது கைக்காரர்கள் எல்லாரும் சோற்றுக்கையில் கையுறை மாட்டுவதில்லை. எழுதும் கை, சாப்பிடும் கை எல்லாம் நம் வீடுகளில் பாதி பாட்டியின் முடிவு, பாதி பள்ளி ஆசிரியரின் முடிவு. பிள்ளையின் உடம்பு என்ன சொல்கிறது என்பதை அறிய வேறு வழி வேண்டும். மகனை ஐந்தாறு அடி தள்ளி நிறுத்துங்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே, முன்னறிவிப்பில்லாமல், நெஞ்சுக்கு நேரே பந்தைப் போடுங்கள். பக்கவாட்டில் போட்டால் அந்தப் பக்கத்துக் கைதான் போகும், அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. நேர் நடுவில் போடும்போது எந்தக் கை முந்துகிறது என்று எண்ணுங்கள். ஒரே நாளில் முடிவு செய்யாதீர்கள். என் மகளுக்கு நான் ஒரு வாரம் சாயங்காலம்தோறும் வாசலில் இதைச் செய்தேன். பக்கத்து வீட்டு அக்கா ரம்புத்தான் பழத்தைப் போட்டுக்கூடச் சோதித்தார், அதில் பாதி பழம் சோதனைக்குத் திரும்பி வரவில்லை.

இரண்டாவது சோதனை மட்டைக்கு உரியது. ஒற்றைக் கையில் மட்டையைக் கொடுத்து, தரையில் உருளும் பந்தை ஓரத்துக்குத் தள்ளச் சொல்லுங்கள். பிறகு கையை மாற்றச் சொல்லுங்கள். கோல் காவலர் பெரும்பாலான நேரம் மட்டையை ஒரே கையில்தான் வைத்திருப்பார். அந்த மணிக்கட்டில் பலமும் நுணுக்கமும் இருக்க வேண்டும். பிடிப்பதற்கு ஒரு கை, மட்டைக்கு இன்னொரு கை என்று இரண்டு சோதனையும் ஒரே பதிலைச் சொன்னால் கவலை இல்லை. பந்தைப் பிடிக்கவும் மட்டையை ஆளவும் ஒரே கைதான் முந்துகிறது என்றால், என் கருத்தில் பிடிக்கும் கைக்கே முன்னுரிமை கொடுங்கள். மட்டை பிடிப்பதைப் பழக்கிவிடலாம், திடுக்கிட்டு எழும் கையைப் பழக்குவது கடினம். இதில் என்னோடு மாறுபடும் பயிற்சியாளர்கள் இருக்கலாம்.

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. புல்தரை ஹாக்கியில் இடது கைக்காரருக்கு என்று தனி மட்டையே கிடையாது. மட்டையின் இடப்பக்கம் தட்டை, வலப்பக்கம் உருண்டை. தட்டைப் பக்கத்தால்தான் ஆட வேண்டும். எங்கள் அணியில் இருந்த ஒரு இடது கைக்கார அண்ணன், கடைசிவரை வலது கைக்காரராகவே ஆடித் தீர்த்தார். ஐஸ் ஹாக்கியில் அப்படியில்லை. 1969–70 பருவத்தில் சிகாகோ அணிக்காக 15 ஆட்டங்களில் ஒரு கோல்கூட விடாத டோனி எஸ்பசிட்டோ வலக்கையால் பிடித்தவர். எட்மன்டன் ஆயிலர்ஸ் அணியின் கிராண்ட் ஃபூரும் அப்படித்தான். 1940களில் மான்ட்ரியல் அணிக்கு நின்ற பில் டர்னன் இன்னும் ஒரு படி மேல்: இரு கையாலும் பிடிக்கத் தெரிந்தவர். ஆட்டத்தின் நடுவிலேயே மட்டையைக் கை மாற்றிக்கொள்ளும்படி தனிக் கையுறைகள் வைத்திருந்தார். அவர் ஆடிய ஏழு பருவங்களில் ஆறில் கோல் காவலருக்கான வெசினா விருது அவருக்கே.

எதிரணிக்கும் இது தொல்லைதான். அவர்கள் வாரம் முழுக்க இடக்கையால் பிடிப்பவர்களை நோக்கி அடித்துப் பழகியவர்கள். பிளாக்கர் இருக்கும் என்று நினைத்து அடித்த பக்கத்தில் கையுறை காத்திருக்கும். என் மகளுக்கு இதில் தனி இன்பம்.

கை முடிவானதும் அளவு. என் இரண்டாவது தவறு இங்கே நடந்தது. புல்தரை ஹாக்கியில் கோல் காவலர் பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது, தட்டிவிடத்தான் வேண்டும். எங்கள் கைத் தடுப்பு மடங்கவே மடங்காது. அந்தப் புத்தியில், விறைப்பாக இருப்பதே நல்லது, வளர்கிற பிள்ளை, ஒரு அளவு பெரிதாகவே இருக்கட்டும் என்று நினைத்தேன். பள்ளிச் சீருடை வாங்கும் கணக்கு இங்கே செல்லாது. ஐஸ் ஹாக்கி வட்டு மூன்று அங்குல விட்டம், ஓர் அங்குலக் கனம், எடை 156 முதல் 170 கிராம். ஏறத்தாழ நம் ஹாக்கிப் பந்தின் எடையேதான். ஆனால் அதிகம் துள்ளாமல் இருக்க அதை உறைய வைத்து ஆடுகிறார்கள், கல் மாதிரி இருக்கும். கையுறை மூடாவிட்டால் அந்தக் கல் பையில் பட்டு வெளியே விழும், அடுத்த நொடி எதிராளியின் மட்டைக்குப் போகும்.

ஆகவே கடையில் பார்க்க வேண்டிய முதல் சங்கதி, பிள்ளையால் ஒற்றைக் கையால் அதை மூட முடிகிறதா என்பதுதான். மேசையில் அழுத்தியோ, மறு கையால் உதவியோ மூடக் கூடாது. கைக்குள் ஒரு டென்னிஸ் பந்தை வைத்து, கையுறையைக் கவிழ்த்து, பத்து எண்ணும்வரை பந்து விழாமல் பிடிக்கச் சொல்லுங்கள். சிறுவர், ஜூனியர், இன்டர்மீடியட், சீனியர் என்று அளவுகள் உண்டு. 11 வயதுக்குப் பெரும்பாலும் ஜூனியர் பொருந்தும், கை பெரிதாக இருந்தால் அடுத்தது. சீனியர் வேண்டவே வேண்டாம், தள்ளுபடியில் கிடைத்தாலும்.

கையுறை எந்த இடத்தில் மடிகிறது என்பதை 60, 75, 90 என்று கோண எண்களால் சொல்வார்கள். எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள், மகன் கை தானாக மடியும் இடத்தில் அது மடிகிறதா என்று மட்டும் பாருங்கள். மணிக்கட்டுப் பட்டை ஒரே துண்டாக இருந்தால் விறைப்பு அதிகம், வட்டு பட்டால் தூரத் தெறிக்கும். இரண்டு துண்டாக இருந்தால் மணிக்கட்டு நன்றாக வளையும். தொடக்கக்காரருக்கு இரண்டு துண்டையே நான் சொல்வேன். பாவர், சிசிஎம், வாகன், வாரியர் என்று பெயர்கள் நிறைய இருக்கின்றன. இந்த வயதில் பெயருக்குக் காசு கொடுப்பதில் பயனில்லை.

பலரும் மறக்கும் ஒன்று: கையுறை மட்டும் மாறினால் போதாது. பிளாக்கரும் மாற வேண்டும், மட்டையின் வளைவும் மாற வேண்டும். ஃபுல் ரைட் என்றால் மூன்றும் ஒரே வகையில். கையுறையையும் பிளாக்கரையும் ஒரே ஆளிடம் ஜோடியாக வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள். ரெகுலர் பழைய பொருள் அடிக்கடி கிடைக்கும், ஃபுல் ரைட் அபூர்வம். சொல்லிச் செய்ய வைத்தால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எனக்குக் கடைசியில் வெளிநாட்டிலிருந்து ஒரு ஜோடி பழையது வந்தது. அதைக் கைக்கு வாங்கும்வரை மகள் புல்தரை ஹாக்கித் தடுப்பை மாட்டிக்கொண்டு வாசலில் பழகினாள்.

வந்தபின் பழக்குவது ஒரு வேலை. பையில் ஒரு மென்பந்தை வைத்து, மூடி, அகலமான பட்டையால் கட்டி இரவில் வைத்துவிடுங்கள். பகலில் டென்னிஸ் பந்தைச் சுவரில் அடித்துப் பிடிக்கட்டும். ஆவியில் காட்டினால் சீக்கிரம் இளகும் என்று படித்துவிட்டு இட்லிச் சட்டியில் காட்டினேன். கையுறை இளகியது, ஓரத்துப் பசையும் இளகியது, அடுத்த ஈடு இட்லியில் ரப்பர் வாடை. இரண்டையும் மனைவி இன்னும் மறக்கவில்லை.

நம் ஊர் ஈரத்தில் இதைப் பேணுவது பனிநாட்டுக்காரருக்குத் தெரியாத கலை. வியர்வையோடு சாமான் பையில் மூடி வைத்தால் சில நாளில் பூஞ்சை வெள்ளையாகப் பூத்துவிடும். அரங்கிலிருந்து வந்ததும், நள்ளிரவானாலும், வெளியே எடுத்து மின்விசிறியின் கீழ் வையுங்கள். விரல் நுழையும் பகுதியில் பழைய நாளிதழைச் சுருட்டிச் செருகுங்கள், எங்கள் வீட்டில் ‘மக்கள் ஓசை’ அந்த வேலையைச் செய்கிறது. வெயிலில் காயப்போடாதீர்கள். மூடிய காரின் பின்பெட்டியில் பகலெல்லாம் விட்டுவைப்பது அதைவிட மோசம்.

நான் தவறாக வாங்கிய ரெகுலர் கையுறை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, ஜூனியர் அளவு. விற்றிருக்கலாம், ஆனால் சோதித்துப் பார்க்க உதவும் என்று வைத்திருக்கிறேன். கிள்ளானிலிருந்து பந்திங் தூரமில்லை. வாசலில் பந்து போட்டுப் பாருங்கள். உங்கள் மகனுக்குப் பீச்சாங்கைதான் முந்துகிறது என்று தெரிந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், அதை வந்து எடுத்துக்கொண்டு போகலாம்.