கீமோவுக்குப் பின் வரும் சோர்வு: டப்பா வாங்கும் முன்

கேள்வி: என் மனைவிக்குக் கோயம்புத்தூரில் 6 முறை கீமோ ஏற்றி முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. குளித்துவிட்டு வந்தாலே படுத்துவிடுகிறாள். உதகையில் ஒரு மூலிகைக் கடையில், "சோர்வும் போகும், புற்றும் திரும்பாது" என்று சொல்லி 4,800 ரூபாய்க்கு ஒரு மாவு டப்பா கொடுத்தார்கள். பில் தரவில்லை. ஒரு மாதம் சாப்பிட்டும் பயனில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?
– தோட்டத் தொழிலாளி, கோத்தகிரி

பதில்: உங்கள் மீது ஒரு குற்றமும் இல்லை. மனைவி எழுந்து நடமாடினால் போதும் என்று தவிக்கிறவரிடம் அப்படிச் சொல்லி விற்றவர்தான் குற்றவாளி. பில் தராமல் விற்பதையே நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். டப்பாவை எறிந்துவிடாதீர்கள். லேபிளையும் தொகுதி எண்ணையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். கைபேசி வழியாகப் பணம் செலுத்தியிருந்தால் அந்தப் பதிவையும் எடுத்து வைத்துக்கொண்டு, முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும் ஒரு புகார் எழுதிக் கொடுங்கள். ஒரு மருந்து புற்றுநோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே தடை செய்யப்பட்டிருக்கிறது.

டப்பாவில் உள்ள 14 இலக்க உரிம எண்ணைக் காட்டி, "அரசாங்கமே சோதித்துப் பார்த்த பொருள்" என்று அவர்கள் சொல்லியிருப்பார்கள். இந்தப் பேச்சை எத்தனை கடைகளில் கேட்டாலும் எனக்கு ஆறுவதில்லை. அந்த எண், தயாரிப்பவர் உணவுத் தொழில் நடத்த உரிமம் பெற்றிருக்கிறார் என்பதை மட்டுமே சொல்கிறது. உள்ளே இருப்பது சோர்வைப் போக்கும் என்று எந்த அதிகாரியும் அதன் மூலம் உறுதி தரவில்லை. ஊட்டச்சத்துத் துணைப்பொருள் எதுவானாலும் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று லேபிளிலேயே அச்சிட வேண்டும் என்பது விதி. அந்த வரியை மிகச் சிறிய எழுத்தில் ஒரு மூலையில் போட்டுவிட்டு, வாயால் மருந்து என்று சொல்லி விற்கிறார்கள்.

என் அக்காவுக்குக் கீமோ நடந்தபோது நானும் அந்த எண்ணை நம்பித்தான், வீட்டுக்கே வந்து விற்றவரிடம் இரண்டு பாட்டில் நோனிப் பழச் சாறு வாங்கினேன். மூடியின் புரியெல்லாம் சாறு காய்ந்து கறுத்திருக்கும். அக்கா காலைதோறும் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதைக் குடித்தாள். மூன்று வாரம் கழித்து ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 7.8 இருந்தது. ரத்தம் ஏற்றிய பிறகுதான் அவளால் வாசல்வரை நடக்க முடிந்தது. போன பணத்தை நான் மறந்துவிட்டேன். அந்த மூன்று வாரத்தை இன்னும் மறக்க முடியவில்லை. ஆகவே, பணத்துக்காக அலைவதற்கு முன் உங்கள் மனைவியை மருத்துவரிடம் அழைத்துச் சென்று ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். வலி, தூக்கமின்மை, மனச்சோர்வு இருந்தாலும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வைத்தியம் உண்டு.

கேள்வி: மலைத்தேன் தினம் இரண்டு கரண்டி சாப்பிட்டால் கீமோ சோர்வு நீங்குமா?
– வாசகி, குன்னூர்

பதில்: நீங்காது.

கேள்வி: கோஎன்சைம் க்யூ10 மாத்திரையை இணையத்தில் வாங்கலாமா? ஜின்செங் நல்லது என்றும் சொல்கிறார்கள்.
– ஓய்வு பெற்ற ஆசிரியர், கொடைக்கானல்

பதில்: முதலாவதற்குச் செலவழிக்க வேண்டாம். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 236 பெண்களிடம் 24 வாரம் கொடுத்துப் பார்த்து 2013-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், அதனால் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிடச் சோர்வு குறையவில்லை. அதே ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வில் அமெரிக்க ஜின்செங் வேர்ப்பொடி 8 வாரத்தில் ஓரளவு பயன் தந்தது. ஆனால் ஜின்செங் என்ற பெயரில் விற்கும் எல்லாமே அந்த வேர் அல்ல. மருத்துவரிடம் கேட்காமல் அதையும் வாங்காதீர்கள். மாத்திரைகளைவிட அதிக ஆதாரம் உள்ளது உடற்பயிற்சிக்குத்தான். உங்கள் ஊரில் ஏரியைச் சுற்றிச் சமமான பாதை இருக்கிறது. மருத்துவர் அனுமதித்தால் முதலில் பத்து நிமிடம் நடந்து, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டுங்கள்.

கேள்வி: கீமோ நடந்துகொண்டிருக்கிறது. விளம்பரம் பார்த்துப் பச்சைத் தேயிலைச் சாறு, சீந்தில், அமுக்கரா உட்பட ஏழு வகை மாத்திரைகளை ஆறு மாதத்துக்கு மொத்தமாக வாங்கிவிட்டேன். டாக்டரிடம் சொல்லவில்லை. எதை முதலில் சாப்பிடலாம்?
– உதகை

பதில்: எதையும் சாப்பிடாதீர்கள். ரத்தக் குழாய் வழியாக மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது மருத்துவருக்குத் தெரியாமல் ஏழு மாத்திரை வாங்கியதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் போர்டிசோமிப் மருந்தின் வேலையைப் பச்சைத் தேயிலைச் சாற்றுப் பொருள் தடுப்பதாக 2009-இல் ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின. சீந்திலாலும் அமுக்கராவாலும் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கல்லீரல் கெட்டால் அடுத்த கீமோவையே தள்ளிப்போட நேரும். ஏழு டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு அடுத்த முறை மருத்துவரின் மேசை மீது வையுங்கள்.

கேள்வி: கீமோவுக்குப் பிறகு ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதமாகியும் ஏறவில்லை. விலை கூடிய மாத்திரைக்கு மாறலாமா? காலைத் தேநீரோடுதான் சாப்பிடுகிறேன்.
– தோட்டத் தொழிலாளி, கூடலூர்

பதில்: மாத்திரையை மாற்றும் முன் தேநீரை விலக்குங்கள். தேயிலையில் உள்ள டானின், இரும்பு உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பும் இரண்டு மணி நேரம் பின்பும் தேநீர் வேண்டாம். கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்தால் நல்லது. கீமோவால் வரும் ரத்தசோகை எல்லாமே இரும்புக் குறைவால் வருவதில்லை என்பதால், உடலில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். குறைவில்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்தாலும் மாத்திரை உதவாது. கோயம்புத்தூரிலிருந்து மலையேறும்போது கூடுதலாக மூச்சு வாங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். உயரம் கூடக் கூடக் காற்றில் கிடைக்கும் பிராணவாயு குறையும். ரத்தம் குறைந்த உடம்புக்கு அது முதலில் தெரியும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு படபடத்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: அம்மாவுக்குக் கீமோ முடிந்தது. மகன் 3,000 ரூபாய்க்குப் புரோட்டீன் பவுடர் வாங்கி வந்திருக்கிறான். கொடுக்கலாமா?
– வாசகி, வத்தலக்குண்டு சாலை, கொடைக்கானல்

பதில்: அம்மா சாப்பாட்டையே ஒதுக்குகிறார், எடை குறைகிறது என்றால் உணவியல் வல்லுநரைக் கேட்டுக் கொடுங்கள், சிறுநீரகக் கோளாறு இருந்தால் அவசியம் கேட்க வேண்டும். நன்றாகச் சாப்பிடுகிறார் என்றால் முட்டையும் பருப்பும் தயிரும் போதும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. டப்பாவின் சீலைப் பிரிக்கவில்லையென்றால், இன்றே பில்லோடு கடைக்குத் திருப்பி அனுப்புங்கள்.