நெல்லுப் பூ பார்த்திருக்கிறீர்களா?

வணக்கம் ஐயா,

எங்கள் செபக்கூட்டத்தில் திருப்பாடல் 104ஐச் சொல்லிப் படைப்புக்காக இறைவனுக்கு நன்றி செலுத்துவோம். எனக்கு வாய் மட்டும்தான் அசைகிறது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்த படங்களைப் பார்த்தபோதுதான் முதன்முதலாக உடம்பு சிலிர்த்தது. படைப்பின் அதிசயத்தை உணர விண்வெளியைப் பற்றித்தான் படிக்கவேண்டுமா? எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்? இன்னொன்றும் கேட்கவேண்டும். இவ்வளவு அழிவைக் கண்ட மண்ணில் நின்று படைப்புக்கு நன்றி சொல்வது நியாயமா?

வாசகர், மாங்குளம்

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் கைவசம் இருக்கிறது என்று வருகிறவர்களிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள். வெப் படங்கள் அழகுதான். அகச்சிவப்பில் பதிவுசெய்து, எங்கள் கண்ணுக்கு எட்டும்படி பிறகு நிறம் கொடுத்தவை. பாருங்கள், சிலிர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் புத்தகப் பட்டியல் தரமாட்டேன்.

வாய் மட்டும் அசைவதற்கு வானம் தெரியாதது காரணமில்லை. சொல்லுகிற பாட்டையே நீங்கள் கவனிக்கவில்லை. அந்தத் திருப்பாடலை ஒருமுறை ஆறுதலாக வாசியுங்கள். கொக்கு எந்த மரத்தில் குடியிருக்கிறது, காட்டுக் கழுதை எங்கே தண்ணீர் குடிக்கிறது, சிங்கக்குட்டி எந்த நேரத்தில் இரைக்குக் கத்துகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறது. பாடினவன் பார்த்தவன். நாங்களோ, என்ன கறி என்றே தெரியாமல் ‘சாப்பாடு நல்லம்’ என்று கைகழுவிப் போகும் விருந்தாளி மாதிரி, ‘எல்லாவற்றுக்கும் நன்றி’ என்று மொத்தமாகச் சொல்லி முடித்துவிடுகிறோம்.

சரி, ஒன்று கேட்கிறேன். சுற்றிவர வயல் உள்ள ஊரில் இருக்கிறீர்கள். நெல்லுப் பூவைப் பார்த்திருக்கிறீர்களா? ‘ஓம், கதிரில் வெள்ளையாகத் தொங்குமே’ என்பீர்கள். அது பூ முடிந்துபோனபின் கிடக்கும் மிச்சம்.

பூ என்பது இது. குடலை, அதாவது கதிரைப் பொத்தி வைத்திருக்கும் இலையுறை, வெடித்துக் கதிர் வெளியே வந்தவுடன், நுனியிலுள்ள நெல்லுகள் முதலில் பூக்கத் தொடங்கும். பிறகு படிப்படியாகக் கீழே இறங்கும். ஒரு கதிர் முழுதும் பூத்துமுடிய ஒரு கிழமை மட்டில் எடுக்கும். ஒவ்வொரு நெல்லுக்குள்ளும் சூலின் அடியில் இரண்டு மிகச் சின்னச் சதைத்துண்டுகள் இருக்கின்றன. வெயில் ஏறும் நேரத்தில் அவை தண்ணீரை உறிஞ்சி வீங்கி, இரண்டு உமியையும் உள்ளிருந்து தள்ளித் திறக்கின்றன. ஆறு மகரந்தப் பைகள் காம்பு நீண்டு வெளியே வரும். வரும்போதே வெடித்து, உள்ளே இருக்கிற சூல்முடியில் தூளைக் கொட்டிவிடும். அந்தத் தூளுக்கு ஆயுள் சில நிமிடங்கள்தான். தேனீயும் வேண்டாம், வண்ணத்துப்பூச்சியும் வேண்டாம். ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் சதைத்துண்டுகள் சுருங்க, உமி மூடிக்கொள்கிறது. வெறும் பைகள் வெளியே மாட்டிக்கொண்டு தொங்கும். நீங்கள் பார்த்த வெள்ளை அதுதான். மூடிய உமி பிறகு மில்லில்தான் திறக்கும். உங்கள் கோப்பையில் விழும் ஒவ்வொரு சோறும் இப்படி ஒருதரம் திறந்து மூடியது.

இதில் பிழைக்கக்கூடிய இடங்கள் எத்தனை என்று யோசியுங்கள். பூக்கிற நேரத்தில் வெக்கை 35 பாகை செல்சியஸைத் தாண்டினால் மகரந்தப் பை ஒழுங்காக வெடிக்காது, நெல்லு உள்ளே அரிசி இல்லாத சப்பியாகும். வெயில்காலச் சிறுபோகத்தில், மணி பிடிக்காததால் பாரமில்லாமல் கதிர் நிமிர்ந்தே நிற்கிறது என்று கவலைப்படுகிற கமக்காரரிடம் கேட்டுப்பாருங்கள். விடாமழை பெய்தால் பூ திறக்கவே பிந்தும், தூளும் நனைந்து கெடும். அதற்கு மேலே எங்கள் ஆட்கள் காலை பத்து மணிக்கு முதுகில் மருந்துத் தாங்கியோடு வயலுக்குள் இறங்குகிறார்கள்! பூக்கிற கிழமையில் மருந்து கட்டாயம் அடிக்கத்தான் வேண்டுமென்றால் பின்னேரம் அடிக்கவேண்டும், எல்லாப் பூவும் மூடியபிறகு. ஞாயிறு காலை நன்றிப் பாட்டு, திங்கள் காலை திறந்த பூவின்மேல் நஞ்சு. இதற்கு ஆண்டவர் என்ன செய்வார்?

வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலில் உப்புநீரில் விளக்கெரிவதைப் பார்க்கச் சனம் முண்டியடிக்கும், ஆவணியில் மடு மாதா திருவிழாவுக்கும் அப்படித்தான். போகட்டும், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் தைப்பூசத்தில் புதிர் எடுத்து, அதாவது முதல் விளைந்த கதிரை வீட்டுக்குக் கொண்டுவந்து, அந்தப் புது அரிசியில் சமைத்துப் படைத்துவிட்டுச் சாப்பிடுகிற வீடுகளில் அந்த நன்றிக்கு ஒரு கைப்பிடி கதிர் என்ற அளவாவது இருக்கிறது. உங்கள் செபக்கூட்டத்துக்கும் ஒரு பிடி கதிரைக் கொண்டுபோங்களேன், யார் மறிக்கப்போகிறார்கள்?

ஒக்டோபர் நடுவில் விதைத்த மூன்றரை மாத நெல்லு ஏறத்தாழ 75 நாளில், நத்தாரை அண்டிப் பூக்கும். மழை விட்டு வெயில் எறிக்கிற ஒரு நாளைப் பிடியுங்கள். ஒன்பதரைக்கு வரம்பில் குந்துங்கள். பாதி வெளியே வந்த கதிராகப் பார்த்து, நுனியிலுள்ள ஐந்தாறு நெல்லை மட்டும் கவனியுங்கள். கையால் தொடவேண்டாம், பதினொன்றரை வரைக்கும் எழும்பவும் வேண்டாம். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் தெரியும். பின்னேரம் ஆடிப்பாடிப் போய்விட்டு ‘ஒன்றையும் காணவில்லை’ என்று எனக்கு எழுதக்கூடாது.