வெயில்தான் காரணமா? தோட்டத்துக்கு வாங்கி ஏமாந்தவர்களின் கேள்விகள்

கே: அனல் தாங்காமல் பச்சை நிழல் வலை வாங்கிக் கட்டினேன். ஒரே கோடையில் நார் நாராகப் பிரிந்து உதிர்கிறது. "இந்த வருஷ வெயில் அப்படி" என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

வெயிலைத் தாங்குவதற்கென்றே விற்கிற பொருள் அது. வெயிலில் நொறுங்கினால் பொருளில்தான் குறை, உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. நிழல் வலை பெரும்பாலும் பாலிஎத்திலீன் இழைதான், புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மானம் கலக்காவிட்டால் சீக்கிரமே தூளாகிவிடும். வலையை ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டுங்கள், விழுகிற பச்சைத் துகளையும் பில்லையும் சேர்த்துப் படம் எடுத்து, எழுத்தில் புகார் அனுப்புங்கள். வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள். அப்புறம் வலையை இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள், அந்தத் தூள் முழுக்க உங்கள் மண்ணில்தான் விழுகிறது. அடுத்த தடவை எத்தனை வருஷம் தாங்கும் என்பதைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

கே: நல்ல நிழல் வேண்டும் என்று 90 சதவீத வலை போட்டேன். தக்காளி உயரமாக வளர்கிறதே தவிர காய்க்கவில்லை.

பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தில் தக்காளி எப்படிக் காய்க்கும்? காய்கறிக்கு 35 முதல் 50 சதவீத நிழல் தரும் வலை போதும். எந்தச் செடிக்கு என்று வாங்கும்போதே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கே: பூ உதிர்வதை நிறுத்தும் என்று ஒரு டானிக் விற்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் புழுக்கம் இறங்காவிட்டால் தக்காளிப் பூவின் மகரந்தம் கெட்டு, பூ உதிர்ந்துவிடும். எந்தப் பாட்டிலாலும் இரவைக் குளிர வைக்க முடியாது. செடியை உயிரோடு காப்பாற்றி வையுங்கள், வெப்பம் தணிந்ததும் பிஞ்சு பிடிக்கும்.

கே: புதிதாகத் தென்னை நார்க்கழிவுக் கட்டி வாங்கி ஊறவைத்து நட்டேன். எப்போதும் ஈரமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் மிளகாய் நாற்று எல்லாம் இலை நுனி கருகிச் செத்துவிட்டன. நான்தான் சரியாகத் தண்ணீர் ஊற்றவில்லையோ?

இல்லை. நீங்கள் ஒழுங்காகத்தான் ஊற்றியிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது, ஏனென்றால் இதே கதையை ஒவ்வொரு கோடையிலும் கேட்கிறேன்.

நார்க்கழிவில் இயல்பாகவே சோடியம், பொட்டாசியம், குளோரைடு உப்புகள் உண்டு. மட்டையை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தால் இன்னும் அதிகம். நல்ல தயாரிப்பாளர் இதை நல்ல தண்ணீரில் அலசி, உப்பு இறங்கிவிட்டதா என்று மின்கடத்துதிறனை (EC; தண்ணீரில் உப்பு கூடினால் இதுவும் கூடும்) அளந்து, அந்த எண்ணை உறையில் அச்சடிப்பார். அது சென்டிமீட்டருக்கு 0.5 மில்லிசீமன்ஸுக்குக் (mS/cm) கீழே இருந்தால் நாற்றுக்கு நல்லது, 1-ஐத் தாண்டினால் அலசாமல் நடக்கூடாது. அலசாத கட்டியிலும் ஈரம் நிற்கும். ஆனால் உப்பு பிடித்து வைத்திருக்கிற தண்ணீரை வேரால் உறிஞ்ச முடியாது. செடி தாகத்தில் வாடுவது போலவே தெரியும், நாம் இன்னும் ஊற்றுவோம், ஊற்றுகிற தண்ணீரும் உப்புத் தண்ணீராக இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். தொட்டியின் விளிம்பைப் பாருங்கள், வெள்ளையாக மெல்லிய படிவு இருக்கும். விரலால் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டும்.

எனக்குப் பொறுக்காத விஷயம் இதுதான். 5 கிலோ கட்டி ஊறி விரியவே 20 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும், அலசுவது என்றால் அதைப் போல இன்னும் சில மடங்கு. குடிதண்ணீருக்கே அல்லாடுகிற வறட்சிக் காலத்தில், தொழிற்சாலை செய்திருக்க வேண்டிய அலசலை வாங்கியவர் தலையில் கட்டுகிறார்கள். உறையில் ஒரு எண் கூடப் போடாமல், "தண்ணீர் மிச்சமாகும்" என்று மட்டும் பெரிதாக எழுதுகிறார்கள். செடி செத்ததும் வாங்கியவர் தன்னையே நொந்துகொள்கிறார், விற்றவர் வெயிலைக் கை காட்டுகிறார். எண் இல்லாத கட்டியை வாங்காதீர்கள். மிச்சம் இருப்பதில் ஒரு பிடி எடுத்து ஊறவைத்துப் பிழிந்து, தெரிந்தவரிடம் EC மீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள். அந்த எண்ணோடு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கே: மண்ணில் குத்திப் பார்க்கும் ஈரமானி வாங்கலாமா? பேட்டரி கூட வேண்டாமாம்.

நான் வாங்கி ஒரு ரோஜாவை இழந்திருக்கிறேன். கருவியின் முள் "ஈரம்" என்றே காட்டியது, நானும் நம்பினேன். ஒரு நாள் தொட்டியை நகர்த்தப் போனால் காகிதம் மாதிரி கனமே இல்லை. மண் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகி, விரல் நுழைகிற அளவு சந்து விட்டிருந்தது. ஊற்றிய தண்ணீரெல்லாம் அந்தச் சந்து வழியாகக் கீழே ஓடியிருக்கிறது. அந்தக் கருவிக்குள் இருப்பது இரண்டு உலோகங்களுக்கு நடுவில் உண்டாகும் சிறு மின்சாரம்தான். மண்ணில் உரமும் உப்பும் ஏறினால் முள்ளும் ஏறும். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள், தொட்டியைத் தூக்கிக் கனம் பாருங்கள். அப்படிக் காய்ந்துபோன தொட்டியை ஒரு அகலத் தட்டில் தண்ணீர் வைத்து அதில் அரை மணி நேரம் உட்கார வையுங்கள், மண் மறுபடி ஊறி விரியும்.

கே: சொட்டுநீர் செட் வாங்கினேன். இரண்டு மாதத்தில் பாதி சொட்டுவான் அடைத்துவிட்டது. வடிகட்டி தனியாக வாங்கச் சொன்னார்கள், செலவு என்று வாங்கவில்லை. பில்லும் தொலைந்துவிட்டது. யாரிடம் புகார் செய்வது?

யாரிடமும் முடியாது. வடிகட்டி வேண்டும் என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள். இப்போதாவது அதை வாங்கிப் போடுங்கள். குழாயின் கடைசி மூடியைத் திறந்து அழுக்கைத் தள்ளிவிடுங்கள், உப்புப் படிந்த சொட்டுவான்களை வினிகரில் ஊறப்போடுங்கள். பில்லைப் படம் எடுத்து வைக்கச் சொல்லி எத்தனை தடவை எழுதுவது?

கே: "வறட்சியைத் தாங்கும்" என்று சொல்லி விற்ற கன்று மூன்று வாரத்தில் காய்ந்துவிட்டது. தண்ணீரே வேண்டாம் என்றார்கள்.

தண்ணீரே வேண்டாம் என்று சொன்னது பொய். வேர் நன்றாக ஊன்றிய பிறகுதான் அப்படிப்பட்ட கன்றும் வறட்சியைத் தாங்கும், முதல் வருஷம் தண்ணீர் கட்டாயம். நாற்றங்காலில் நிழலில் வளர்ந்த கன்று என்றால் வெயிலுக்குப் பழகவும் ஒரு வாரம் பத்து நாள் ஆகும். போய்க் கேளுங்கள், மாற்றுக் கன்று தருவதுதான் நியாயம்.

கே: மத்தியானம் ஹோஸில் தண்ணீர் விட்டால் செடி துவண்டுவிடுகிறது. விலை கூடின ஹோஸ் வாங்கினால் சரியாகுமா?

ஹோஸை மாற்ற வேண்டாம். வெயிலில் கிடந்த குழாய்க்குள் நிற்கிற தண்ணீர் கையையே சுடும். அதை முதலில் வாளியில் பிடித்து ஆறவையுங்கள், வீணாக்காதீர்கள். செடிக்கு விடியற்காலையில் ஊற்றுங்கள்.