கோல் அடிக்காத பிள்ளைக்கு ஐஸ் ஹொக்கியில் இடம் உண்டா?

கேள்வி: எங்கள் மகனுக்கு 14 வயது. ரொறன்ரோ வட்டாரத்தில் 15 வயதுக்குட்பட்டோருக்கான டிரிபிள் ஏ எனும் மேல்மட்ட ஐஸ் ஹொக்கி அணியொன்றில் டிஃபென்ஸ், அதாவது பின்களத்தில், ஆடுகிறான். உயரம் 5 அடி 6 அங்குலம். இந்தப் பருவம் முழுவதும் இரண்டே கோல்கள். "கோல் அடிக்கிறவனைத்தான் திறமை தேடி வரும் ஸ்கவுட் பார்ப்பான், முன்களத்துக்கு மாற்றச் சொல்லு" என்கிறார் கணவர். தனியாக ஷூட்டிங் பழக்க ஒருவர் காசு கேட்கிறார். மகனுக்கோ என்.எச்.எல். எனும் வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கைத் தவிர வேறு பேச்சில்லை. பள்ளிக்கூடத்தை ஆன்லைனுக்கு மாற்றச் சொல்லி அடம்பிடிக்கிறான். இதெல்லாம் நடக்கிற காரியமா?
மார்க்கம் நகரிலிருந்து ஒரு தாய்

பதில்: முதலில் கணவருக்கு. பின்களத்தில் ஆடுகிறவனை எடைபோடக் கோல் கணக்கு உதவாது. விஷயம் தெரிந்த ஸ்கவுட் ஒருவர் ஆட்டம் நடக்கும் பனித்தளமான ரிங்கில் வந்து உட்கார்ந்தால், எதிரணி மூலைக்குள் தள்ளிவிட்ட பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) உங்கள் மகன் திரும்பிப் போய் எடுக்கும் அந்த மூன்று நொடியைத்தான் பார்ப்பார். தொழில்முறை டிஃபென்ஸ் ஆட்டக்காரர் பெருமளவில் சம்பளம் வாங்குவதும் அந்த மூன்று நொடிக்குத்தான்.

அடுத்த ஆட்டத்தில் நீங்களே கவனியுங்கள். பக் மூலைக்குப் போகிறது, மகன் அதை நோக்கித் திரும்புகிறான், பின்னால் எதிரணிக்காரன் விரட்டி வருகிறான். நன்றாகப் பழகியவன் பக்கைத் தொடுமுன் குறைந்தது இரண்டு தடவை தோளுக்கு மேலால் பார்ப்பான்: திரும்பிய உடனே ஒன்று, பக்குக்கு இரண்டு மூன்று எட்டு இருக்கையில் இன்னொன்று. விரட்டுகிறவன் எந்தத் தோள் பக்கம் வருகிறான், கூட்டாளி எங்கே, சுவரோரம் நம் விங்கர் (ஓரத்தில் ஆடும் முன்களக்காரன்) இறங்கிவிட்டானா என்ற மூன்றும் தெரிந்த பிறகுதான் அவன் ஸ்டிக் பக்கில் படும். பழகாதவனுக்குக் கண் முழுக்கப் பக்கில்தான். நேர்கோட்டில் போவான், கால் இரண்டும் சுவரைப் பார்த்து நிற்கும், முதுகிலுள்ள எண் எதிரிக்குத் தெரியும். பக் பறிபோவது ஒருபுறம். முதுகில் இடிபட்டுத் தலை சுவரில் மோதுவதும் இந்த நிலையில்தான். சற்று வளைந்து அணுகி, உடம்பைப் பக்கவாட்டில் வைத்து, ஒரு பக்கம் போவதுபோல் தோளை அசைத்து மறுபக்கம் வெளியேற வேண்டும். கோல் வலையையே நடுவில் மறைவாக வைத்துக்கொள்ளத் தெரிந்தால் இன்னும் நல்லது.

இதற்குத் தனிப் பயிற்சியாளர் வேண்டியதில்லை. ரிங்கில் அரை மணிநேரம் கிடைத்தால் அப்பா நீலக் கோட்டில் (அணியின் தற்காப்புப் பகுதியைப் பிரிக்கும் கோடு) நிற்கட்டும். மகன் மூலையிலுள்ள பக்கை எடுக்கப் போகும்போது அப்பா இடது அல்லது வலது கையை உயர்த்த வேண்டும். எந்தக் கை என்று பக்கைத் தொடுமுன் மகன் கத்திச் சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் வெளியேற வேண்டும். மூலைக்கு எட்டுத் தடவை போதும். களைத்த பிறகு செய்தால் பார்க்காமலே ஊகித்துச் சொல்லும் பழக்கம் வந்துவிடும்.

கூடவே வாயும் பழக வேண்டும். பக்கை எடுக்கப் போகிறவனுக்குக் கூட்டாளியின் குரல்தான் கண். "வீல்" என்றால் நீயே பக்கோடு வலையைச் சுற்றி ஓடு. "ரிவர்ஸ்" என்றால் வந்த பக்கமே சுவரோரம் பின்னால் விடு. "ஓவர்" என்றால் வலைக்குப் பின்னால் மறுபக்கக் கூட்டாளிக்குக் கொடு. வாய் திறக்காத டிஃபென்ஸ்காரன் எவ்வளவு கெட்டிக்காரனானாலும் பயிற்சியாளர் அவனைப் பயந்து பயந்துதான் இறக்குவார். நம் வீடுகளில் "சத்தம் போடாதே" என்று வளர்த்த பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் சிரமம்.

ஷூட்டிங் பயிற்சிக்குக் கேட்கும் காசை இந்த வருடம் ஸ்கேட்டிங்குக்குப் போடுங்கள். குறிப்பாகப் பின்னோக்கிச் சறுக்கும்போது முதல் மூன்று எட்டு, பின்னோக்கிலிருந்து முன்னோக்கித் திரும்பும் இடம். காரணம் இது. எதிரி பக்கோடு வரும்போது டிஃபென்ஸ்காரன் நடு ரிங்கிலேயே இடைவெளியைக் குறைக்கத் தொடங்கி, தன் நீலக் கோட்டில் ஏறக்குறைய ஒரு ஸ்டிக் நீளத்துக்குள் கொண்டுவர வேண்டும். ஸ்டிக்கை ஒரு கையில் பிடித்து, பிளேடைப் பனியில் வைத்து, பக்கைப் பார்க்காமல் எதிரியின் நெஞ்சைப் பார்த்தபடி, அவனைச் சுவர்ப்பக்கம் தள்ளிக்கொண்டு போக வேண்டும். பல பிள்ளைகள் கோல் காப்பாளரான கோலியின் மடி வரைக்கும் பின்வாங்கிவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பயம் போலத் தெரியும். உண்மையில் பின்னோக்கி வேகம் போதாது என்று காலுக்குத் தெரியும், அதனால் முன்கூட்டியே ஓடுகிறது. அப்படிப் பின்வாங்கியவன் எதிரியின் அடியைக் கோலிக்குத் தெரியாமல் மறைக்கும் திரையாகிவிடுகிறான்.

அடி வலுவில்லை என்று கவலைப்பட்டால் முதலில் ஸ்டிக்கைப் பாருங்கள். "வளர்கிற பிள்ளைதானே" என்று பெரியவர்களின் 85 ஃப்ளெக்ஸ் (விறைப்பு அளவு) ஸ்டிக்கை வாங்கி மேல்முனையை வெட்டிக் கொடுப்பவர்கள் நம்மிடையே நிறைய. வெட்ட வெட்ட அது இன்னும் விறைக்கும். உடல் எடையைப் பவுண்டில் எடுத்துப் பாதியாக்கினால் தோராயமான ஃப்ளெக்ஸ் கிடைக்கும்: 130 பவுண்ட் பிள்ளைக்கு 65 அளவில். வளையாத ஸ்டிக்கால் எத்தனை மணிநேரம் பழகினாலும் பக் பறக்காது. டிஃபென்ஸுக்கு எட்டிப் பறிக்க நீளமும் வேண்டும். ஸ்கேட்டோடு நிற்கையில் நாடிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். நீலக் கோட்டிலிருந்து அடிப்பதென்றால் பலத்தைவிட முக்கியம், முன்னால் நிற்பவரின் காலில் படாமல் பக் தாழ்வாகக் கோல்வரை போய்ச் சேர்வது.

உயரம் இன்று முன்புபோல் தடையில்லை. 2024இல் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரருக்கான நோரிஸ் விருதை வாங்கிய குவின் ஹியூஸ் 5 அடி 10. டொரி குரூக் 5 அடி 9. அணிகள் இளம் ஆட்டக்காரரைத் தெரிவு செய்யும் டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காமல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடி, 2012இல் பொஸ்ரனில் ஒப்பந்தமானவர். ஆனால் குள்ளமான டிஃபென்ஸ்காரரிடம் எதிர்பார்ப்பது வேறு: மூலையில் மல்லுக்கட்டாமல் முதல் பாஸிலேயே பக்கை வெளியே கொண்டுபோக வேண்டும். 14 வயதில் 5 அடி 6 என்பது முடிந்த கதையும் அல்ல.

உங்கள் கடிதத்தில் ஒரு விபரம் இல்லை: மகன் வலப்பக்கம் அடிப்பவனா, இடப்பக்கமா? கனடாவில் பெரும்பான்மையினர் இடப்பக்கக்காரர். வலப்பக்கம் அடிக்கும் டிஃபென்ஸ்காரருக்கு எந்த மட்டத்திலும் தட்டுப்பாடுதான். வலது சுவரோரம் வரும் பக்கை அவர் நேர்க்கையால் எடுப்பார். இடப்பக்கக்காரர் புறக்கையால் தடுமாறுவார். வலப்பக்கக்காரன் என்றால் முன்களத்துக்கு மாற்றும் பேச்சை இன்றே விடுங்கள்.

இனி பாதை. அடுத்த பருவம் 16 வயதுக்குட்பட்டோர் பிரிவு. அது முடியும்போது ஓ.எச்.எல். எனப்படும் ஒன்ராறியோ ஹொக்கி லீக்கின் 20 அணிகள் பிள்ளைகளைத் தெரிவு செய்யும். அதில் பின்தங்கினால் இடிந்துபோக வேண்டாம்: ரொறன்ரோவின் பி.கே. சுபான் அங்கே 6ஆம் சுற்றில் எடுக்கப்பட்டவர். என்.எச்.எல். 2007இல் 43ஆவதாக எடுத்தது, 2013இல் நோரிஸ் விருது. ரொறன்ரோவில் பிறந்த மார்க் ஜோர்டானோவை என்.எச்.எல். டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை. 2004இல் கல்கரியோடு ஒப்பந்தம், இடையில் ஒரு பருவம் மொஸ்கோவில் ஆட்டம், 2019இல் 35 வயதில் நோரிஸ். பின்களம் தாமதமாகப் பழுக்கும் இடம். முன்களக்காரன் 20 வயதில் மின்னலாம்; டிஃபென்ஸ்காரனுக்கு ஆட்டத்தை வாசிக்கும் கண் பிந்தித்தான் திறக்கும். தவறினால் அவனுக்குப் பின்னால் கோலி மட்டும்தான் என்பதால் பயிற்சியாளர்களும் மெதுவாகவே நம்புவார்கள்.

இடம் குறைவு என்பதையும் மகனுக்கு மறைக்காதீர்கள். என்.எச்.எல். அணி ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக ஆறு டிஃபென்ஸ்காரரை இறக்கும். 32 அணிகளுக்கும் சேர்த்து 192 பேர். முதல் ஜோடி 22 நிமிடத்துக்கு மேல் ஆடும், மூன்றாம் ஜோடி அநேகமாக 15 நிமிடம், ஒவ்வொரு ஷிஃப்டும், அதாவது ஒருமுறை இறங்கி ஆடும் நேரமும், 45 நொடி அளவில். 18 முதல் 21 வயதுக்குள் கையெழுத்திட்டால் முதல் ஒப்பந்தம் மூன்று வருடம். 2025-26 பருவத்தின் குறைந்தபட்சச் சம்பளம் 7,75,000 அமெரிக்க டொலர். காதுக்கு இனிக்கும் தொகைதான். ஆனால் இருவழி ஒப்பந்தக்காரர் (ஆடும் லீக்கைப் பொறுத்துச் சம்பளம் மாறுபவர்) அடுத்த மட்ட லீக்கான ஏ.எச்.எல். அணிக்கு இறக்கப்பட்டால் அங்கிருக்கும் நாட்களுக்கு அதில் சிறு பங்குதான் வரும். சுவீடன், பின்லாந்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து லீக்குகளில் நல்ல பிழைப்பு நடத்துபவர்களும் உண்டு. அதைத் தோல்வி என்று வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம்.

காயம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். மகன் ஆடும் மட்டத்தில் உடம்பால் இடிப்பதற்கு அனுமதி உண்டு, அந்த இடிகளில் பெரும் பங்கு பக்கை எடுக்கப் போகும் டிஃபென்ஸுக்கே. தலையில் அடிபட்டால் அன்றைய ஆட்டம் முடிந்தது. "தலை சுத்தேல்ல அம்மா" என்று பிள்ளை சொன்னாலும் சரி. விளையாட்டில் தலைக்காயம் பற்றிய ஒன்ராறியோவின் ரோவன் சட்டப்படி, படிப்படியாகத் திரும்பும் முறையைப் பின்பற்றி, மருத்துவ அனுமதி வாங்கிய பிறகுதான் முழுப் பயிற்சிக்கோ ஆட்டத்துக்கோ போகலாம்.

கடைசியாகப் பள்ளிக்கூடம். முன்பு ஓ.எச்.எல்.லில் ஆடிய பிள்ளைக்கு அமெரிக்கப் பல்கலைக்கழக ஹொக்கிக் கதவு மூடிவிடும். 2024 நவம்பரில் எடுத்த முடிவின்படி 2025 ஆகஸ்ட் முதல் அந்தத் தடை இல்லை. ஆகவே 15 வயதில் ஏதாவதொரு வழியை அடைத்துக்கொள்ள வேண்டிய அவசரம் போய்விட்டது. ஓ.எச்.எல். ஒப்பந்தம் வந்தால், ஆடும் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வருடப் படிப்புச் செலவு என்ற பகுதியை வரி வரியாகப் படியுங்கள்: எப்போது தொடங்க வேண்டும், எதனால் ரத்தாகும், புத்தகச் செலவு சேர்ந்ததா என்று. அமெரிக்க வழிக்கு உயர்பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்கள் வேண்டும், கணக்கு 9ஆம் வகுப்பிலேயே தொடங்குகிறது. ஆன்லைன் பள்ளிக்கு மாறினால் அங்கே எடுக்கும் பாடம் அந்தப் பதினாறில் சேராமலும் போகலாம். மகன் அடம்பிடிக்கும் பள்ளியின் பெயர் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.யின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று அவனையே தேடிக் காட்டச் சொல்லுங்கள். அதுவரை பணம் கட்ட வேண்டாம்.